இந்த நிமிடம்... உங்களுடையது

லண்டனில் என் கணவரைப் பெயர் சொல்லி அழைத்தவர்கள் குறைவு. சிகரெட் அண்ணை என்றால்தான் சனத்துக்கு விளங்கும். கிங்ஸ்பரியில் ஒரு பிறந்தநாள், ஈஸ்ட் ஹாமில் ஒரு கலியாணம், எங்கே போனாலும் சாப்பிட்டுக் கை கழுவின கையோடு யாராவது ஒருவர் தொடங்கிவிடுவார்.

"அண்ணை, ஒருக்கால் அதைச் சொல்லுங்கோவன்."

"சும்மா இருங்கோடாப்பா" என்று இவர் கையை ஆட்டுவார். அது முழுப் பாசாங்கு. கேட்காமல் விட்டிருந்தால் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார். இரண்டாம் முறை கேட்டதும் கதிரையில் நிமிர்ந்து உட்காருவார். கண்ணைப் பாதி மூடுவார்.

"இந்த நிமிடம்..."

பிறகு ஒரு இடைவெளி. சத்தம் போட்டு ஓடித்திரிந்த பிள்ளைகள்கூட நின்றுவிடுவார்கள்.

"உங்களுடையது."

அவ்வளவுதான். ஒரு சிகரெட் விளம்பரத்தின் கடைசி வரி. இதற்கு இவ்வளவு பெரிய ஆட்கள் கைதட்டுவார்கள், இன்னும் ஒருமுறை என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வேறு வேலையில்லாத சனம் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டு பாயாசக் கோப்பைகளை எடுக்கப் போய்விடுவேன். ஆனாலும் சும்மா சொல்லக்கூடாது, அந்த இடைவெளி வரும்போது எனக்கும் உடம்பு சிலிர்க்கும். அதை இவரிடம் நான் சொன்னதே இல்லை. சொன்னால் தலையில் ஏறிவிடும்.

கொழும்பில் தொலைக்காட்சி வந்த புதிதில் செய்த விளம்பரம் அது. இவர் ஒரு கம்பனியில் கிளார்க்காக இருந்தார். பின்னேரங்களில் குரல் கொடுக்கப் போவார். சவர்க்காரம், தேயிலை, வங்கி என்று எல்லாவற்றுக்கும் கொடுத்தார். ஒன்றையும் ஒருத்தரும் நினைவில் வைத்திருக்கவில்லை. சிகரெட் மட்டும் ஒட்டிக்கொண்டது.

விளம்பரத்தில் கதை என்று ஒன்றும் கிடையாது. விடிகாலை, ஒரு ஏரி, தண்ணீருக்கு மேலே பனிமூட்டம். ஒரு மனிதன் தனியாகப் படகு வலித்து வருகிறான். நடுவில் துடுப்பை வைத்துவிட்டு ஒரு சிகரெட்டைப் பற்றவைக்கிறான். புகை மேலே போகிறது. எது புகை, எது பனி என்று தெரியாமல் எல்லாம் கலந்து வெள்ளையாகிறது. அந்த வெள்ளைக்குள்ளிருந்து இவருடைய குரல் வரும். நான் அந்த ஏரியைக் கனவில்கூடக் கண்டிருக்கிறேன். கனவில் படகில் இருப்பவன் துடுப்பைத் திரும்ப எடுப்பதே இல்லை.

ஒலிப்பதிவு நடந்த கதையை இவர் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். முதலில் வரி சரியாக வரவில்லையாம். செய்தி வாசிக்கிற மாதிரி விறைத்துக்கொண்டு வந்ததாம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த தயாரிப்பாளர் எழுந்து வந்து, தன் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து இவர் வாயில் வைத்துப் பற்றவைத்திருக்கிறார். "ஒரு இழுவை இழும். முதல் பாதியைச் சொல்லும். நான் விரலைத் தூக்குவன். புகையை விடும். விரலை இறக்கினதும் மிச்சத்தைச் சொல்லும்." அதுவரைக்கும் இவர் சிகரெட்டைத் தொட்டதே கிடையாது. முதல் இழுவையில் வரி சரியாக வந்துவிட்டது. சனம் வாயைப் பிளந்து கேட்ட அந்த இடைவெளி முழுக்கப் புகைதான்.

அதற்குப் பிறகு கம்பனிக்காரர் பெட்டி பெட்டியாகச் சும்மா கொடுத்தார்கள். இவரும் விட்டபாடில்லை.

அப்போது நாங்கள் புதிதாகக் கலியாணம் செய்தவர்கள். பின்னேரங்களில் கடற்கரைக்குப் போய்விட்டு ஒழுங்கையால் நடந்து வருவோம். எல்லா வீட்டிலும் ஒரே நிகழ்ச்சி, எல்லா யன்னலிலும் அதே நீல வெளிச்சம். இவர் என் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நடப்பார். இவருடைய குரல் மட்டும் முன்வீட்டில் தொடங்கி, பக்கத்து வீட்டில் தொடர்ந்து, மூலை வீட்டில் முடியும். பக்கத்தில் வருபவர் பேசாமல் இருக்க, ஊரெல்லாம் அவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டு நடப்பது எப்படியிருக்கும் என்று கேட்காதீர்கள். கால் நிலத்தில் பட்டதாக நினைவில்லை.

எண்பத்துமூன்றில் கொழும்பு எரிந்த அந்த ஆடி மாதத்தோடு எல்லாம் முடிந்தது. அடுத்த வருடம் நாங்கள் தோர்ண்டன் ஹீத்தில், ஒரு கடைக்கு மேலே இரண்டு அறை வீட்டில் இருந்தோம். இவருக்குப் பெற்றோல் ஸ்டேஷனில் காசாளர் வேலை. ஷிப்ட் பகலில். கண்ணாடிக்குப் பின்னால் இருப்பார். முதுகுக்குப் பின்னால் சுவர் முழுக்கச் சிகரெட் பெட்டிகள். "பாரும், என்னை எங்கை கொண்டுவந்து இருத்தியிருக்கினம் எண்டு" என்று சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது.

அங்கே தினமும் ஒரு வயதான வெள்ளைக்காரர் வருவார். கார் கிடையாது, சிகரெட் மட்டும் வாங்க வருவார். காசைக் கொடுக்கும்போது ஒரு பழைய விளம்பர வரியைப் பாடுவது போலச் சொல்வார். பனியில் நின்றாலும் கையில் ஒரு சூடு இருக்கும் என்கிற மாதிரி ஏதோ ஒன்று. தொலைக்காட்சி கறுப்பு வெள்ளையாக இருந்த காலத்தில் இளவட்டமாக இருந்த மனிதர். அவர்கள் நாட்டில் சிகரெட் விளம்பரத்தைத் தொலைக்காட்சியிலிருந்து தூக்கிவிட்டார்கள், எங்கள் நாட்டுக்குத் தொலைக்காட்சி வருவதற்கு எவ்வளவோ முன்பே. அந்த வரி மட்டும் அவர் வாயில் மிஞ்சிக் கிடந்தது. ஒருநாள் இவர் மிச்சக் காசோடு தன் வரியைத் தமிழில் சொல்லியிருக்கிறார். கிழவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "இது சிகரெட்தானே?" என்று கேட்டாராம்.

அன்று வீட்டுக்கு வந்தவர் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. "மொழி தெரியாத மனிசனுக்கும் விளங்கிப்போச்சப்பா! அந்தத் தொனியிலையே பிடிச்சிட்டார்."

"விளங்காமல் என்ன? உங்கடை வாயிலை மணக்குதெல்லோ" என்றேன்.

அன்றிலிருந்து அவர்கள் இரண்டு பேருக்கும் அது ஒரு வழக்கமாகிப்போனது. அவர் ஒரு வரி, இவர் ஒரு வரி. பின்னால் பெற்றோல் அடித்துவிட்டுக் காத்து நிற்பவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது.

சிகரெட் போனாலும் சுருட்டு விளம்பரங்கள் இங்கே தொலைக்காட்சியில் கொஞ்சக் காலம் இருந்தன. ஒரு மனிதனுக்கு எல்லாம் பிழையாய்ப் போகும். மழையில் நனைவான், ரயிலைத் தவறவிடுவான். கடைசியில் ஒரு சுருட்டைப் பற்றவைப்பான், மெல்லிய இசை வரும், பிறகு எல்லாம் சுகம். இவர் அதைப் பார்க்க மாட்டார், கேட்பார். கடைசி வரி வரும்போது கண்ணை மூடிக்கொள்வார். "மூச்சை எவ்வளவு ஆறுதலா விடுறான் பாரும்" என்பார். வெளியே மழை பெய்துகொண்டிருக்கும், ஹீட்டரில் எங்கள் பிள்ளையின் காலுறைகள் காய்ந்துகொண்டிருக்கும், இவர் கண்ணை மூடியபடியே இருப்பார். அந்த நேரம் இவர் தோர்ண்டன் ஹீத்தில் இல்லை. கொழும்பு ஒலிப்பதிவுக் கண்ணாடி அறைக்குள், ஒரு விரல் இறங்குவதற்காகக் காத்துக்கொண்டிருப்பார். பஸ் தரிப்பிடச் சுவர்களில் இருந்த சிகரெட் படங்கள் இவருக்குப் பிடிக்காது. பெரிதாக ஒரு நிறம், ஒரு பொருள், கீழே சுகாதார எச்சரிக்கை. "வசனமே இல்லை. இப்பிடியே போனால் குரலுக்கு வேலை இல்லை" என்று குறைப்படுவார்.

இந்த வரிக்கு யாழ்ப்பாணத்திலும் ஒரு ரசிகை இருந்தார். இவருடைய அம்மா.

மாமி வீட்டில் சிகரெட் வாசம் என்றாலே ஆகாது. விருந்தாளி பற்றவைத்தால் வேலிக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிடுவார். ஆனால் மகனின் குரல் அயலவர் வீட்டுத் தொலைக்காட்சியில் வந்த நாளிலிருந்து அந்த வரி மட்டும் அவருக்குத் தேவாரம் மாதிரி. நாங்கள் லண்டன் வந்த பிறகு மாமிக்கும் எங்களுக்கும் கடிதம் குறைவு, கசற்தான் அதிகம். அந்தக் காலத்தில் எல்லா வீடுகளிலும் அப்படித்தான். ஒரு கசற்றில் இரண்டு பக்கமும் பேசி, ஊருக்குப் போகிறவர் யாரிடமாவது கொடுத்து அனுப்புவோம். அங்கே அயலவர் எல்லாம் கூடியிருந்து கேட்பார்கள். பிறகு மாமி அதே கசற்றில், எங்கள் குரலுக்கு மேலேயே, தன்னுடைய கதையைப் பதிந்து திருப்பி அனுப்புவார். நாங்கள் அதைக் கேட்டுவிட்டு, மாமியின் குரலுக்கு மேலே எங்கள் கதையைப் பதிவோம். புதுக் கசற் வாங்க வழியில்லாமல் இல்லை. ஒரு கசற் நன்றாக இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்பதுதான் எங்கள் ஆட்களின் மூளை. ஒருத்தரை ஒருத்தர் அழித்து அழித்து எத்தனை வருடம் கதைத்திருக்கிறோம்! அப்போது அது யாருக்கும் உறைக்கவில்லை.

மாமி ஒரு சொட்டு இடமும் மிச்சம் விடமாட்டார். நாடா முடிந்து டக்கென்று நிற்கும் வரைக்கும் பேசுவார். கதை முடிந்துவிட்டால் மாமரத்தில் எத்தனை பூ என்று சொல்வார். "தம்பி, முடிக்கேக்கை அதைச் சொல்லு ராசா" என்பது எப்போதும் வரும். இவரும் ஒவ்வொரு கசற்றையும் அந்த வரியோடுதான் முடிப்பார்.

பிறகு சண்டை இறுகியது. யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லை, பற்றரியும் இல்லை. மாமி அசரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி வைத்துப் பெடலை மிதிப்பார். டைனமோவில் வரும் மின்சாரத்தில் மாமி பேசுவார். கசற்றில் பின்னணியில் சில்லு சுற்றுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். மிதிக்கிறவருக்குக் கால் சோர்ந்து, நாடா மெதுவாக ஓடிப் பதிந்த இடங்களில் மாமியின் குரல் எங்களுக்குக் கீச்சுக்குரலாகக் கேட்கும். பிள்ளை விழுந்து விழுந்து சிரிப்பாள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு குளிர்காலம். இவருடைய குரல் கொஞ்சம் கரகரத்தது. தடிமன் என்றுதான் நினைத்தோம். மல்லித்தண்ணி அவித்துக் கொடுத்தேன், ஆவி பிடிக்கச் சொன்னேன். இதில் இன்னொரு கூத்து, சனத்துக்கு அந்தக் கரகரப்புப் பிடித்துப்போனது. ஒரு கலியாண வீட்டில் வரியைச் சொல்லி முடித்ததும், "அண்ணை, குரல் முந்தியைவிடக் கனதியா வந்திருக்கு, பழஞ்சாராயம் மாதிரி" என்று ஒருவர் முதுகில் தட்டினார். இவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. டொக்டரிடம் போவோம் என்று நான் கத்தினால், "எல்லாரும் நல்லாயிருக்கு எண்டு சொல்லுகினம், உமக்குத்தான் பிழையாக் கேக்குது" என்பார். எனக்கு வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். அந்தக் கலியாண வீட்டு மனிதரையும் சேர்த்துத்தான் திட்டினேன். இன்றைக்கும் அவரைக் கண்டால் எனக்குக் கொதிக்கும், பாவம், அவர் என்ன செய்வார்.

அந்தக் கரகரத்த குரலோடுதான் மாமிக்குக் கசற் ஒன்று போனது. கசற் போய்க் கொஞ்ச நாளில் இவருக்குச் சோறு விழுங்க ஏலாமல் வந்தது. ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள், குழாய் விட்டுப் பார்த்தார்கள். பெரிய டொக்டர் ஒரு காகிதத்தில் கழுத்தைக் கீறிக் காட்டினார். குரல்வளையை முழுதாக எடுக்க வேண்டும். எடுத்தால் ஆள் பிழைப்பார். மூச்சு கழுத்தில் ஒரு துளையால் போய்வரும். குரல் இருக்காது.

இவர் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் கேள்வி கேட்டேன். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் வந்தது.

ஒப்பரேஷனுக்கு முந்தின சனிக்கிழமை, சமையலை முடித்துத் துடைத்த குசினி மேசையில் ரேப் றெக்கோடரை வைத்துப் புதுக் கசற் ஒன்றைப் போட்டேன். பதியும் பொத்தானை அமத்தினேன். சிவப்பு வெளிச்சம் வந்தது.

"பிள்ளைக்கு ஏதாவது சொல்லுங்கோ. ஒரு கதை. அவளின்ரை பேரையாவது கூப்பிடுங்கோ."

இவர் அந்த வெளிச்சத்தைப் பார்த்தபடி இருந்தார். பிறகு கையை நீட்டி நிறுத்திவிட்டார். அந்த நாட்களில் குரல் என்று சொல்ல ஒன்றும் இல்லை, மரத்தை அரத்தால் தேய்க்கிற மாதிரி ஒரு சத்தம்தான்.

"இதையோ வைச்சிருக்கப் போறீர்? வேண்டாமப்பா. பிள்ளை இதுதான் அப்பாவின்ரை குரல் எண்டு நினைக்கக் கூடாது."

"எனக்கு எதெண்டாலும் காணும். சொல்லுங்கோ."

"நல்ல குரல் எங்கையாவது கிடக்கும். தேடும்" என்றார்.

ஐயோ, அந்த நேரத்திலும் தொழில் கௌரவம்! எனக்கு வந்த ஆத்திரத்தில் றெக்கோடரைத் தூக்கி யன்னலால் எறிந்திருப்பேன். இவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிள்ளை முன்னறையில் ஏதோ காட்டூனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது. இவர் வீட்டுக்கு வந்தார். கழுத்தில் ஒரு மெல்லிய துணி, கையில் பிள்ளையின் அழித்து எழுதும் சிலேட்டு. தொண்டையில் வைத்துப் பேசும் கருவி ஒன்று கொடுத்திருந்தார்கள். ஒருமுறை வைத்துப் பார்த்தார், யந்திரம் பேசுவது போல ஒரு சத்தம் வந்தது. அதை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். தன் அம்மாவுக்கு ஒன்றும் தெரியக் கூடாது என்று சிலேட்டில் எழுதி, இரண்டு தரம் அடிக்கோடிட்டார். வீடு அமைதியாகிவிட்டது. அமைதியான ஆள் நான் இல்லை. ஆனால் மறுமொழி சொல்ல ஆளில்லாமல் எவ்வளவு நேரம்தான் சண்டை பிடிப்பது?

ஒருநாள் பிள்ளைக்குத் தலை இழுத்துக்கொண்டிருந்தேன். ஐந்து வயது அவளுக்கு. கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே ஆங்கிலத்தில் சொன்னாள், அப்பாவின் குரலை நினைத்துப் பார்த்தால் அம்மாவின் குரல்தான் வருகிறது என்று.

சீப்பு என் கையிலேயே நின்றுவிட்டது. அடுத்த நாளே தேடப் புறப்பட்டேன். இவருடைய குரல் லண்டனில் எங்காவது ஒரு மூலையில் இருக்க வேண்டும். இவ்வளவு சபைகளில் பேசியிருக்கிறார், இவ்வளவு பேர் வீடியோ எடுத்திருக்கிறார்கள். அதை எப்படியாவது பிள்ளையின் காதில் போட்டுவிட வேண்டும்.

முதலில் கலியாண வீடியோக்கள். ஈஸ்ட் ஹாம் ஹைஸ்ட்ரீட்டில் வீடியோக் கடை வைத்திருந்த தம்பிதான் எங்கள் ஆட்களின் கலியாணங்கள் எல்லாவற்றையும் எடுத்தவர். அவருடைய பின்னறையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். இவர் இருந்தார். ஒவ்வொரு கலியாணத்திலும் இருந்தார். கதிரையில் நிமிர்கிறார், கண்ணைப் பாதி மூடுகிறார், வாய் அசைகிறது, சனம் கைதட்டுகிறது. ஆனால் கேட்டதெல்லாம் சினிமாப் பாட்டு. தாலி கட்டும்போது பாட்டு, சாப்பிடும்போது பாட்டு, ஐயர் மந்திரம் சொல்லும்போதுகூட அதற்கு மேலே பாட்டு.

"சனம் கதைக்கிற இரைச்சலை எல்லாம் எடுத்துப்போட்டுப் பாட்டுப் போடுறதுதானே அக்கா வழக்கம். அதுதானே வடிவு" என்றார் அந்தத் தம்பி. அவருடைய முகம் செத்துப்போய்விட்டது. திட்ட மனம் வரவில்லை. அந்தப் பாட்டுகளுக்குத் தலையாட்டினவர்களில் நானும் ஒருத்தி.

பிறகு கிங்ஸ்பரியில் ஒரு அண்ணையிடம் கொழும்புத் தொலைக்காட்சி நாடகங்கள் பதிந்த வீடியோக் கசற்றுகள் இருக்கின்றன என்று கேள்விப்பட்டேன். அந்தக் காலத்து நாடகங்கள், அதே வருடங்கள். நடுவில் விளம்பரம் வந்தே ஆகவேண்டும். ரயில், பிறகு பஸ், பிறகு நடை. போகும் வழியெல்லாம் அந்த ஏரி என் கண்ணுக்குள் வந்துகொண்டிருந்தது. அந்த அண்ணை அன்பாக வரவேற்று, தேத்தண்ணி தந்து, பெட்டி முழுக்கக் கசற்றுகளைத் தூக்கி வந்தார். முதலாவதைப் போட்டோம். நாடகம் ஓடியது. முதலாம் பாகம் முடிந்தது. படம் ஒருமுறை துள்ளியது. இரண்டாம் பாகம் தொடங்கிவிட்டது.

"விளம்பரம் எங்கை அண்ணை?"

"அதெல்லாம் வெட்டிப்போட்டுத்தான் பதிஞ்சனான் பிள்ளை" என்று பெருமையாகச் சொன்னார். "பக்கத்திலையே இருந்து நிப்பாட்டி நிப்பாட்டிப் பதிஞ்சது. ஒரு விளம்பரம் இராது. சுத்தமா இருக்கும்."

திரும்பி வரும் பஸ்ஸில் மேல்தட்டில், முன்சீற்றில் உட்கார்ந்திருந்தேன். மழை கண்ணாடியில் வழிந்தது. தெருவெல்லாம் வெளிச்சம் கரைந்து ஓடியது. ஒரு தரிப்பிடத்தில் பெரிய சிகரெட் படம் ஒன்று, வசனமில்லாமல், என் முகத்துக்கு நேரே வந்து நின்றது. பத்து வருடம் அந்தப் பாழாய்ப்போன வரியைக் கேட்டுச் சலித்தவள், இப்போது அதற்காக லண்டன் முழுக்க அலைகிறேன் என்று நினைத்ததும் அழுகை வந்தது. பஸ்ஸில் யாரும் யாரையும் பார்க்காத ஊர் என்பது அன்று வசதியாக இருந்தது.

வசந்தகாலத்தில்தான் மாமியின் கசற் வந்தது. கொழும்பு வழியாக யாரோ யாரிடமோ கொடுத்து, கடைசியில் தோர்ண்டன் ஹீத் கோயிலில் ஒருவர் என் கையில் தந்தார். எங்களுடைய பழைய கசற். மூலையில் என் நகப்பூச்சுப் பட்ட அடையாளம் இருந்தது. இவருடைய கடைசிப் பேச்சுப் போன கசற், இப்போது மாமியின் பேச்சோடு திரும்பி வந்திருக்கிறது. அதை வாங்கும்போது எனக்குக் கை கூசியது. அழிக்க வேண்டாம் மாமி என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதினால் ஏன் என்று கேட்பார். ஏன் என்பதைச் சொல்லக் கூடாது என்று இவர் கட்டளை.

ஞாயிற்றுக்கிழமை காலை. மூன்று பேரும் குசினி மேசையைச் சுற்றி இருந்தோம். முதல் பக்கம் முழுக்க மாமிதான். சில்லுச் சத்தத்தோடு ஊர்க்கதை, மண்ணெண்ணெய் இல்லாத கதை, மாம்பூக் கதை. நாடா டக்கென்று நின்றது. மறுபக்கம் திருப்பினேன். மறுபடியும் மாமி. கிணறு, ஆடு, மழை. கொஞ்ச நேரத்தில் மாமி பேசாமல் இருந்தார். சில்லு மட்டும் சுற்றியது.

"தம்பி, உன்ரை தொண்டைக்கு என்ன? நீ சொல்லேல்லை. ஆனால் அந்தக் கடைசி வரியைச் சொல்லேக்கை இடையிலை மூச்சு இழுத்தனி. முந்தி நீ அந்த இடத்திலை மூச்சு விடுவாய் ராசா, இழுக்க மாட்டாய். எனக்குத் தெரியாதே? என்ன செய்யுது உனக்கு? அம்மாவுக்குச் சொல்லு..."

குரல் உடைந்தது. மாமி அழுதார். அதைக் கேட்டு மிதித்துக்கொண்டிருந்த மனிதரின் கால் நின்றிருக்க வேண்டும். சில்லுச் சத்தம் தளர்ந்தது, அழுகை கீச்சென்று உயர்ந்தது, பிள்ளை இந்த முறை சிரிக்கவில்லை. ஒரு டக். எப்போதும் நாடாவின் நுனி வரைக்கும் பேசுகிற மாமி அன்று அதற்கு மேல் பேசவில்லை.

நான் நிறுத்தப் போனேன். அதற்குள் றெக்கோடர் பேசியது.

"...சப்பாத்து ஒரு நம்பர் பெரிசா வாங்கினது அம்மா, பிள்ளை வளருறாள்தானே..."

இவர்.

கரகரப்போடு, ஆனால் இவர்தான். மாமி அழித்து முடிக்காமல் விட்ட இடத்திலிருந்து, இவர் போன மாரியில் பேசினது அப்படியே கிடந்தது. பிள்ளை மேசையில் ஏறி றெக்கோடரில் காதை வைத்துக்கொண்டாள். இவர் தன் கழுத்துத் துணியைக் கையால் பொத்தியபடி இருந்தார். பனி பெய்த கதை, பெற்றோல் ஸ்டேஷன் கிழவரின் கதை, பிள்ளை பள்ளிக்கூடத்தில் பாடின கதை. வெயில் மேசையில் ஒரு விளிம்பிலிருந்து மற்ற விளிம்புக்கு நகர்ந்தது. கடைசியில் அந்த வரி வந்தது. மாமி சொன்னது உண்மை, இடையில் மூச்சை இழுத்துத்தான் சொன்னார்.

வரி முடிந்தது. ஆனால் அன்றைக்கு இவர் நிறுத்த மறந்திருக்கிறார்.

"இஞ்சாரும், தேத்தண்ணி இருக்கோ?"

தூரத்தில், குசினிக்குள்ளிருந்து, என் குரல். "ஏன், கேத்தில் எங்கை இருக்கெண்டு தெரியாதோ? வந்து ஊத்திக் குடியுங்கோ. எனக்கு ரெண்டு கைதான் இருக்கு!"

பிறகு இவர் சிரித்தார். சத்தம் போட்டு, இருமல் வரும் வரைக்கும் சிரித்தார். இவருடைய சிரிப்பும் குரலோடு போய்விட்டது என்பதை நான் அதுவரை யோசித்துப் பார்த்ததே இல்லை. டக்.

"அம்மா, நீங்கள் ஏசுறீங்கள்" என்றாள் பிள்ளை. நான் வாய்விட்டு அழுதேன். இவர் தோள் குலுங்கச் சத்தமில்லாமல் சிரித்தார், கண்ணீர் ஓடியது. பிள்ளை திரும்பப் போடு, திரும்பப் போடு என்று குதித்தாள். பகல் முழுக்கத் திரும்பத் திரும்பப் போட்டோம். வெங்காயம் வெட்டுகிற கத்தியின் நுனியால் கசற்றின் மேல்விளிம்பில் இருந்த இரண்டு பிளாஸ்ரிக் பற்களையும் உடைத்தேன். அவற்றை உடைத்துவிட்டால் பிறகு யாரும் அதன்மேல் பதிய முடியாது.

மாமிக்குப் பதில் போக வேண்டும். ஒப்பரேஷனுக்கு முன் வாங்கி, இவருடைய ஒரு சொல்லும் பதியாமல் கிடந்த கசற் அலுமாரிக்குள் இருந்தது. சொல்லட்டுமா என்று கேட்டேன். இவர் சரி என்று தலையாட்டினார். அன்று பின்னேரம் நான் மாமியோடு பேசினேன். நடந்ததெல்லாம் சொன்னேன். ஆள் நல்லாய் இருக்கிறார், சாப்பிடுகிறார், சிகரெட்டை விட்டுவிட்டார், ஆனால் இனிப் பேச மாட்டார் என்று சொன்னேன். பிள்ளை ஒரு பாட்டுப் பாடினாள். இரண்டாம் பக்கம் முடியப் போனது.

முடிக்கேக்கை அதைச் சொல்ல வேண்டும். எனக்கு அது சுட்டுப்போட்டாலும் வராது. இவரைப் பார்த்தேன். இவர் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணைப் பாதி மூடினார்.

"இந்த நிமிடம்..." என்றேன்.

இவர் ஒரு விரலைத் தூக்கினார். நான் காத்திருந்தேன். சிவப்பு வெளிச்சம் எரிந்துகொண்டிருந்தது. பிள்ளை அசையாமல் நின்றாள். இவருடைய மூச்சு கழுத்துத் துணிக்குள்ளால் மெல்ல வெளியே போனது. விரல் இறங்கியது.

"உங்களுடையது."

இவர் கையை நீட்டி, இந்த முறை மறக்காமல், பொத்தானை அமத்தினார்.